அடைத்த மடை: ஒரு கீழ்க் கடைவாய்ப் பல்லின் நிகழ்வு ஆய்வு

கிளினிக்கைத் திறக்கப் போனபோது தெருவில் ஒரு வேன் நின்றிருந்தது. கூரைமேல் பொங்கல் பானைகள், சுருட்டிய பாய்கள், ஒரு தார்ப்பாய். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலில் ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு தங்கியிருந்தவர்கள், மலையிலிருந்து நேராக இறங்கி வந்திருந்தார்கள். வாசல்படியில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். இடது கன்னத்தை முந்தானை மறைத்திருந்தது. அதை விலக்கியதும், பக்கத்தில் நின்ற அவருடைய மகள் சொன்னாள்: "மூன்று நாளாக இப்படித்தான் சார். ஆற்றில் குளித்ததால் வந்த காய்ச்சல் என்று நினைத்துவிட்டோம்."

அவருக்கு வயது 47. சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையில் ஒரு சிற்றூர். பீடி சுற்றுகிறார். கணவர் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல் பயிரிடுகிறார். ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறார், ஆனால் கடைசியாக ரத்தம் பரிசோதித்தது எப்போது என்று நினைவில்லை. அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டேன்.

முந்தைய நான்கு மாதம்

கதை பங்குனியில் தொடங்குகிறது. இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் சோறு போய் மாட்டிக்கொண்டது, குச்சியால் எடுத்தார். பிறகு குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம். அதற்குப் பிறகு சூடான தேநீர் பட்டால் சுரீர் என்று ஏறி, அரை மணி நேரம் இறங்காத வலி. கிராம்பை நசுக்கி வைத்தார். கிராம்பில் உள்ள யூஜினால் நரம்பைச் சற்று மரக்கச் செய்யும், அதனால் ஒரு நாள் இரண்டு நாள் தாக்குப்பிடித்தது. மாமியார் கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடிக்கச் சொன்னார், அதையும் செய்தார்.

அடுத்து வந்த இரவுகளைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டதும், பல்லுக்குள் என்ன நடந்திருக்கிறது என்பது எனக்குப் படம்போலத் தெரிந்தது. படுத்தால் வலி கூடியது, எழுந்து உட்கார்ந்தால் குறைந்தது. தூக்கம் போன பிறகு சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றியிருக்கிறார். பக்கத்தில் ஒரு சொம்பில் மண்பானைத் தண்ணீர். ஒரு வாய் தண்ணீரை இடது பக்கம் அடக்கி வைத்தால் வலி நிற்கும். வாய்ச்சூட்டில் தண்ணீர் வெதுவெதுப்பானதும் வலி திரும்பும். துப்பிவிட்டு அடுத்த வாய். "ஒரு வாய்த் தண்ணீருக்கு நாலு பீடி முடியும் தம்பி" என்றார். அந்த வாரங்களில் வழக்கத்தைவிட அதிகமாகவே பீடி கட்டிக் கொடுத்திருக்கிறார்.

பல்லின் நடுவில் இருக்கும் பற்கூழ் சிறிய சதைத்துணுக்கு. ரத்தக் குழாய்களும் நரம்பும் அதில் உண்டு. அதைச் சுற்றிச் சுவர் முழுக்கக் கெட்டியான டென்டின். உடம்பில் வேறெங்காவது புண் வந்தால் அந்த இடம் வீங்கி இடம் கொடுக்கும். பற்கூழுக்கு வீங்க இடமே இல்லை. அழற்சி வந்ததும் உள்ளே அழுத்தம் ஏறுகிறது; படுத்தால் தலைப்பக்கம் ரத்தம் கூடி அழுத்தமும் கூடுகிறது. குளிர்ந்த தண்ணீர் குழாய்களைச் சுருக்கிச் சிறிது நேரம் விடுதலை தருகிறது. சூட்டில் ஏறி, குளிரில் அடங்கும் வலி என்றால் பற்கூழ் இனி மீளாது என்று பொருள். சொம்பும் கையுமாக வருகிறவரைப் பார்த்தால் எக்ஸ்ரே எடுக்கும் முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அந்த நேரத்தில்தான் மருந்துக் கடையில் செட்டு மாத்திரை வாங்கத் தொடங்கினார். அட்டையிலிருந்து வெட்டி எடுத்த நாலைந்து மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து, வேளைக்கு ஒரு பொட்டலம் என்று கொடுப்பார்கள். வலி மாத்திரை, ஆன்டிபயாடிக், வயிற்றெரிச்சலுக்கு ஒன்று. இப்படிப்பட்ட பொட்டலங்களில் ஸ்டீராய்டு மாத்திரையையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அது வீக்கத்தை மறைத்து, சர்க்கரையை ஏற்றிவிடும். பன்னிரண்டு பொட்டலம் சாப்பிட்டார்.

சித்திரை பிறந்த வாரத்தில் ஓர் இரவு வலி நின்றது. மெல்ல மெல்லக் குறையவில்லை. விடிந்து பார்த்தால் இல்லை. சூடு குடித்தாலும் இல்லை, குளிர்ந்தது குடித்தாலும் இல்லை. மாத்திரை கேட்டது என்று அவரும் வீட்டாரும் நம்பினார்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள். அன்றைக்குப் பற்கூழ் செத்துப்போயிருந்தது.

மேலும் மூன்று மாதம் வலியே இல்லாமல் ஓடியது. மலையில் கோவிலுக்கு முன்னால் சமைத்துச் சாப்பிட்ட இரண்டாம் நாள், அந்தப் பல் மற்றப் பற்களைவிட உயர்ந்து நிற்பதுபோலத் தோன்றியது. மேல்பல் அதன்மேல் பட்டாலே உயிர் போனது. மறுநாள் கன்னம் வீங்கியது. வீட்டிலிருந்து கொண்டுபோன மிச்சப் பொட்டலங்களில் இரண்டைச் சாப்பிட்டிருக்கிறார்.

வந்த அன்று

காய்ச்சல் 101. சர்க்கரை 318. இடது கீழ்த்தாடை ஓரம் சிவந்து, தொட்டால் கொதித்தது. வாய் இரண்டு விரல் அகலம்தான் திறந்தது; நல்ல வாய்க்கு மூன்று விரல் போகும்.

இப்படி ஒருவர் வந்தால் பல்லைப் பார்ப்பதற்கு முன் நான் பார்ப்பது நாக்கின் அடியை. கையுறை விரலை நாக்குக்குக் கீழே விட்டு அழுத்தினேன்; மெத்தென்று இருந்தது. நாக்கு மேலே தூக்கப்படவில்லை. எச்சிலை விழுங்கச் சொன்னேன், விழுங்கினார். பேச்சில் குழறல் இல்லை. தாடைக்கடியிலும் கழுத்திலும் கெட்டிப்பட்ட வீக்கம் இல்லை. கீழ்க் கடைவாய்ப் பற்களின் வேர்நுனிச் சீழ் நாக்குப் பக்கம் திரும்பினால் வாயின் அடித்தளத்திலும் தாடைக்கடியிலும் பரவும். இருபுறமும் பரவினால் நாக்கு அண்ணத்தை நோக்கி உயர்ந்து மூச்சுக்குழல் அடைபடும். வில்ஹெல்ம் ஃப்ரீட்ரிக் ஃபான் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் 1836இல் இதை எழுதிவைத்தார். நோய்க்கு இன்றும் அவர் பெயர்தான். விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகினாலோ, பேச்சு குழறினாலோ, மூச்சுத் திணறினாலோ, வீக்கம் கழுத்துக்கோ கண்ணுக்கோ ஏறினாலோ பல் கிளினிக்கில் உட்காரவே கூடாது. நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இவற்றில் ஒன்று இருந்திருந்தாலும் அந்த வேனையே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குத் திருப்பியிருப்பேன். இவருக்குச் சீழ் கன்னப்பக்கம் வந்திருந்தது. அது நல்லகாலம்.

சொத்தை விழுந்தது இடது கீழ் முதல் கடைவாய்ப் பல். ஆறு வயதில் முளைத்த பல் அது. பின்பக்க ஓரத்தில் ஒரு குழி, உள்ளே கறுத்துப்போயிருந்தது. குளிரூட்டிய பஞ்சை வைத்தேன், உணர்வே இல்லை. கண்ணாடியின் கைப்பிடியால் மெல்லத் தட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். உள்ளே செத்த பல், வெளியே வேரைச் சுற்றி உயிருள்ள எலும்பில் சீழ். எக்ஸ்ரேயில் இரண்டு வேர்நுனிகளிலும் பயறளவு கறுப்பு நிழல். அந்த நிழல் மூன்று நாளில் வருவதில்லை. எலும்பின் சுண்ணாம்புச்சத்து கணிசமாகக் கரைந்த பிறகே படத்தில் தெரியும். தேங்காய் உடைத்த நாளிலிருந்து வலியில்லாமல் நடந்த வேலை அது.

மடை

"மாத்திரை சாப்பிட்டதும் நின்ற வலிதானே தம்பி, இப்போதும் நல்ல மாத்திரையாக எழுதிக்கொடுங்கள். வீக்கம் வற்றட்டும், பிறகு வருகிறேன்" என்றார். வீக்கம் இருக்கும்போது பல்லில் கைவைக்கக் கூடாது என்று மாமியார் சொல்லியனுப்பியிருந்தார். கண்பார்வை போய்விடும் என்ற பயம் வேறு. பல்லுக்கு உணர்வு தருவது ட்ரைஜெமினல் என்ற முக்கிளை நரம்பின் கிளை, பார்வைக்கு வேறு நரம்பு. இரண்டுக்கும் வழி வேறு. அந்தப் பயத்தைச் சீக்கிரம் தீர்த்துவிட முடிந்தது. மாத்திரை நம்பிக்கையைத் தீர்ப்பதுதான் கடினம்.

அவருடைய கணவரை உள்ளே அழைத்தேன். "அண்ணாச்சி, கால்வாயில் தண்ணீர் நிறைந்து ஓடுகிறது. உங்கள் வயல் மடை அடைத்துக் கிடக்கிறது. வயல் நனையுமா?" என்று கேட்டேன். கால்வாய்த் தண்ணீருக்காக வரிசை காத்தவர். "மடையைத் திறக்காமல் எப்படி நனையும்?" என்றார்.

மாத்திரையில் உள்ள மருந்து ரத்தத்தில் கலந்துதான் உடம்புக்குள் போகிறது. பல்லுக்கு ரத்தம் போகிற ஒரே மடை வேர்நுனியில் இருக்கும் ஊசித்துளை. பற்கூழ் செத்ததும் குழாய்கள் அழிந்து, உள்ளே ரத்தம் போவது நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு எந்த ஆன்டிபயாடிக்கைச் சாப்பிட்டாலும் பல்லுக்குள் இருக்கும் கிருமிகளை அது எட்டாது. வெளியே எலும்பில் வந்து சேர்ந்த கூட்டத்தைச் சற்று அடக்கும். மாத்திரை நின்றதும் உள்ளிருந்து அடுத்த கூட்டம் வரும். பற்கூழ் உயிரோடு வலிக்கும்போதும் ஆன்டிபயாடிக்கால் அந்த வலி தீராது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல், உடல்நலம் உள்ள பெரியவர்களுக்குப் பெரும்பாலான பல்வலிகளில் ஆன்டிபயாடிக் வேண்டாம், பல்லுக்குச் சிகிச்சை செய்யுங்கள் என்றே சொல்கிறது. எங்கள் பக்கத்து மருந்துக் கடைகளில் இதைக் கேட்பார் இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

இவருக்கு ஆன்டிபயாடிக் தேவைதான். காய்ச்சலும் பரவும் வீக்கமும் சர்க்கரையும் சேர்ந்திருந்தன. அதற்கு முன் மடை திறக்க வேண்டும்.

தாடை நரம்புக்கு, சீழிலிருந்து தள்ளி, மரத்துப்போகும் ஊசி போட்டேன். சீழ் பிடித்த சதையில் புளிப்பு ஏறியிருக்கும், அங்கே ஊசி சரியாக வேலை செய்யாது. விரலால் பல்லைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மேலிருந்து துளையிட்டேன். பற்கூழ் அறையின் கூரை விட்டுக்கொடுத்த கணத்தில் முதலில் நாற்றம் வந்தது. பிறகு ரத்தம் கலந்த மஞ்சள் சீழ் குமிழியிட்டு ஏறி, குழியை நிறைத்து வழிந்தது. உறிஞ்சுகுழாயை வைத்துக் காத்திருந்தேன். வருவது நிற்க ஆறேழு நிமிடம் ஆனது. அதற்குள் அவருடைய தோள்கள் இறங்கிவிட்டன. கண்ணைத் திறந்து மகளைத் தேடினார். கன்னப்பக்க ஈறு மடிப்பில் சிறிதாகக் கீறி அங்கே தேங்கியதையும் வடித்து, உப்பு நீரால் கழுவினேன்.

பல்லைத் திறந்தபடியே விட்டு அனுப்புவது பழைய வழக்கம். வாயின் கிருமிகளும் சோறும் உள்ளே குடியேறும் என்பதால் நான் அப்படிச் செய்வதில்லை. கழுவி, உலர்த்தி, தற்காலிகமாக மூடினேன். அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் ஐந்து நாளுக்கு, வலிக்குப் பாரசிட்டமால். அன்றே பொது மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் சில வாரங்களுக்கு இன்சுலின் தொடங்கினார். சீழ் இருந்தால் சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினால் சீழ் ஆறாது. இரண்டையும் ஒரே நாளில் பிடித்தாக வேண்டும். மூன்றாம் நாள் கன்னம் பாதி வற்றிவிட்டது என்று மகள் தொலைபேசியில் சொன்னாள்.

பிடுங்குவதா, காப்பதா

ஒரு வாரம் கழித்து வந்தபோது வாய் மூன்று விரல் திறந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 156. வந்ததும் முதல் வார்த்தை: "பிடுங்கிவிடுங்கள் தம்பி."

அது முட்டாள்தனமான கோரிக்கை இல்லை. பல்லைப் பிடுங்காமல் உள்ளே சுத்தம் செய்து அடைக்கும் வேர் சிகிச்சைக்கும், அதன்மேல் மாட்டும் உறையான கேப்புக்கும் சேர்த்து நான் சொன்ன தொகை அவருடைய பல வாரக் கூலி. பல் நீளவாட்டில் பிளந்திருந்தாலோ, கேப் பிடிக்கச் சுவர் இல்லாமல் போயிருந்தாலோ, எலும்புப் பிடி போய் ஆடியிருந்தாலோ நானே பிடுங்கச் சொல்லியிருப்பேன். இந்தப் பல்லில் மூன்று சுவர் முழுதாக இருந்தன, பிடி கெட்டி. அதைவிடப் பெரிய காரணம் வலது பக்கம் இருந்தது. அங்கே கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பல ஆண்டுகளுக்கு முன்பே பிடுங்கிவிட்டார். மென்று தின்ன மிச்சம் இருந்தது இடது பக்கம் மட்டும். அந்தப் பக்கமும் வலித்த நாட்களில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். பழைய சோற்றைக் கரைத்துக் குடித்தேன் என்றார். சர்க்கரை உள்ளவர் பயறும் காயும் மெல்ல முடியாமல் கஞ்சியில் காலம் தள்ளினால் சர்க்கரை எங்கே நிற்கும்? இதைத்தான் சொன்னேன். தொகையை நாலு தவணையாகக் கட்டலாம் என்றும் சொன்னேன். மகளைப் பார்த்தார். மகள் தலையசைத்தாள்.

நான்காவது கால்வாய்

இந்தப் பல்லுக்குப் பொதுவாக இரண்டு வேர். வேருக்குள் பற்கூழ் ஓடும் நுண்குழாயைக் கால்வாய் என்போம். முன்வேரில் இரண்டு கால்வாய், பின்வேரில் ஒன்று. சிலருக்குப் பின்வேரிலும் இரண்டு. பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பை மாட்டினேன். எச்சில் உள்ளே போகாது, மருந்து தொண்டைக்கு வழியாது. 1864 முதல் பல் மருத்துவத்தில் இருக்கும் எளிய கருவி, இதை மாட்டாமல் வேர் சிகிச்சை செய்வது எனக்கு ஒப்பாது. மூன்று கால்வாய்களைக் கண்டேன். நீளம் 20 மில்லிமீட்டரை ஒட்டி வந்தது. நுனி 0.10 மில்லிமீட்டர் மட்டுமே உள்ள, கால்வாயை அராவும் 10ஆம் எண் ஊசியில் தொடங்கி மெல்ல அகலப்படுத்தி, சோடியம் ஹைப்போகுளோரைட்டால் திரும்பத் திரும்பக் கழுவினேன். கிருமியைக் கொன்று செத்த சதையைக் கரைக்கும் திரவம் அது. வேர்நுனியைத் தாண்டினால் சதையைப் பொசுக்கிவிடும் என்பதால், பக்கவாட்டில் துளையுள்ள ஊசியில், அழுத்தாமல், சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கால்சியம் ஹைட்ராக்சைடு பசையை வைத்து மூடி அனுப்பினேன்.

பத்து நாள் கழித்துத் திறந்தால் முன்வேர் உலர்ந்திருந்தது. பின்வேரில், ஈரம் பார்க்க விட்ட காகித நுனி ஈரமாகவே வந்தது. மறுபடி கழுவி, மறுபடி மருந்து. அடுத்த வாரமும் ஈரம். தட்டினால் இன்னும் லேசான வலி. சர்க்கரைமேல் பழிபோட எனக்கு ஆசையாக இருந்தது. அன்று மாலை பழைய எக்ஸ்ரேக்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஊசியோடு எடுத்த முதல் படத்திலேயே விடை இருந்தது. பின்வேரில் ஊசி வேரின் நடுவில் நிற்கவில்லை. கன்னப்பக்கம் ஒதுங்கி நின்றது. ஒரு வேரில் ஒரே கால்வாய் என்றால் அது நடுவில் ஓடும். ஒதுங்கி ஓடினால் மறுபக்கம் கூட்டாளி உண்டு. படிக்கும்போதே கற்ற பாடம். அன்று நான் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. அவருக்கு இரண்டு வாரம் வீணானது.

மறுமுறை உருப்பெருக்கிக் கண்ணாடியோடு உட்கார்ந்தேன். அறையின் தளம் மஞ்சளாக இருக்கும். கால்வாய் வாய்களை இணைத்துக் கறுத்த கோடுகள் ஓடும், வெடித்த வயலில் தெரியும் கோடுபோல. பின்வேரின் வாயிலிருந்து நாக்குப் பக்கமாக ஒரு கோடு சென்று, தளத்தின்மேல் துருத்திய டென்டின் விளிம்புக்கு அடியில் மறைந்தது. அந்த விளிம்பை நுண்ணிய துளைமுனையால் சீவினேன். கூர்மையான தேடுகம்பியை அழுத்தினேன். ஓரிடத்தில் சிக்கி, இழுத்தால் பிடித்தது. 10ஆம் எண் ஊசி உள்ளே இறங்கியது, 19 மில்லிமீட்டர் வரைக்கும். வெளியே எடுத்தபோது அதன் நுனியில் கறுத்த நார்போல ஒன்று ஒட்டியிருந்தது. செத்த பற்கூழின் மிச்சம்.

பல்லில் பூச்சி இருக்கிறது என்று புகை பிடிக்கச் சொல்கிறார்களே, இந்த நாருக்குள் இருப்பவை கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். 1965இல் ககெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகியோர் எலிகளை வைத்து இதைக் காட்டினார்கள். கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் பல்லைத் துளையிட்டுப் பற்கூழைத் திறந்துவிட்டார்கள். உணவு போய் அடைத்தும்கூட அது சாகவில்லை, தானே மூடி கட்டிக்கொண்டது. சாதாரண எலிகளில் அழுகிப்போனது. வேற்றுமை கிருமி ஒன்றுதான். அதனால்தான் ஒரு கால்வாயை விட்டுவைத்தாலும் மொத்த வேலையும் வீண்.

நான்காவது கால்வாயைக் கழுவி மருந்து வைத்த பிறகு, ஆவணிக் கடைசியில் திறந்தபோது நான்கும் உலர்ந்திருந்தன. தட்டினால் வலி இல்லை. கட்டாபெர்ச்சாவால் நிரப்பினேன். மலாயாக் காட்டு மரத்தின் பாலிலிருந்து வருவது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்குத் தண்ணீர் புகாத உறையாக இருந்ததும் இதே பொருள்தான்.

கேப் போட அவரிடம் பணம் இல்லை. தீபாவளிக்குப் பிறகு வருகிறேன் என்றார். இந்த இடைவெளியில்தான் வேர் சிகிச்சை செய்த பல பற்கள் உடைகின்றன. உள்ளே குடைந்த பல், ஒரு கடலையில் பிளந்துவிடும். எனவே குழியைப் பல்நிறச் சிமெண்டால் உறுதியாகக் கட்டி, முனைகளைத் தாழ்த்தி, அந்தப் பக்கம் முறுக்கு கடிக்கக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டேன். கார்த்திகையில் வந்தார், பல் முழுதாக இருந்தது, கேப் போட்டோம்.

அடுத்த ஆடியில், மலைக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பு, நான் சொல்லியிருந்தபடி எக்ஸ்ரேக்கு வந்தார். வேர்நுனி நிழல்கள் இருந்த இடத்தில் எலும்பின் மெல்லிய வலைப்பின்னல் நிரம்பியிருந்தது. முன்வேரில் ஒரு கடுகளவு மட்டும் மங்கல். அடுத்த ஆண்டும் பார்க்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இருந்தது.

எழுந்திருக்கும்போது மகளை முன்னால் தள்ளினார். "குளிர்ந்த தண்ணீர் குடித்தால் கூசுகிறது என்கிறாள் தம்பி. வலி இல்லை. ஆனாலும் கூட்டி வந்துவிட்டேன்." அதே இடது கீழ்க் கடைவாய்ப் பல், மேலே ஒரு சிறு கறுப்புக் குழி. குளிர்ந்த பஞ்சை வைத்ததும் முகத்தைச் சுளித்தாள்; எடுத்த இரண்டாவது நொடியில் சுளிப்பு போய்விட்டது. பற்கூழ் உயிரோடு, நலமாக இருந்தது. சொத்தையைச் சுரண்டி அடைக்க அரை மணி நேரம் ஆனது. வெளியே அந்த அக்கா வறுத்த கடலையை இடது பக்கம் மென்றுகொண்டு காத்திருந்தார்.